கேட்டுவிட்டுப் போடுங்கள்: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகளின் படங்களை நீங்கள் இணையத்தில் போடுவதைப் பற்றி எழுதுகிறேன். காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பத்து இடம், இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி. ஏப்ரல் பிறந்துவிட்டால் உங்கள் பள்ளிகளின் அட்மிஷன் படிவங்களோடு பெற்றோர் வரிசை கட்டி நிற்பார்கள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பழைய பள்ளியின் டிசி எல்லாம் என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்துதான் உங்களிடம் வருகின்றன. ஆகவே இந்த மடலில் பாதி, ஒரு பிள்ளையின் அப்பா எழுதுவது. மீதிப் பாதி, ஊர்க் காகிதமெல்லாம் கை மாறிப் போவதை இருபது வருடமாகப் பார்க்கிறவன் எழுதுவது.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆகஸ்டில் அவளுக்குப் பிறந்தநாள். கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு சாக்லேட் டப்பாவோடு காலையில் வேன் ஏறினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராமிலும் அவள் படம் வந்துவிட்டது. தலையில் தங்கத் தாள் ஒட்டிய கிரீடம், முகமெல்லாம் சிரிப்பு. கீழே இன்ஷியலோடு முழுப் பெயர், வகுப்பு, பிரிவு, தேதி. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். என் மனைவி அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். மாமியார் சொந்தக்காரர் குரூப் ஒன்று விடாமல் அனுப்பினார். நானும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த ஜெராக்ஸைப் போட்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இன்னொரு படம் வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேர், பாஸ்போர்ட் அளவுப் படம், பெயர், பாடவாரியாக மதிப்பெண். இவள் இரண்டாவது.

அக்டோபரில் ஒரு நாள் என் மனைவிக்கு ஃபோன். கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்த ஆள் மகளின் பெயரைச் சொன்னான், பள்ளியைச் சொன்னான், பிரிவைச் சொன்னான், கணக்கில் எத்தனை மார்க் என்பதையும் சொன்னான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வந்து விழும் என்றான். ஸ்கேன் செய்தாள், பின் நம்பரைப் போட்டாள், 6,500 ரூபாய் போனது. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து க்யூஆர் கோடில் காசு வாங்குகிறவளே அவள்தான். ஆனால் பெற்ற பிள்ளையின் கணக்கு மார்க்கைச் சரியாகச் சொன்ன குரலைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. சைபர் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிட்டோம். புகார் எண் வந்தது. பணம் வரவில்லை.

போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். 'என் மார்க் அவனுக்கு எப்படிப்பா தெரியும்?' என்று மகள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எங்களைத் தெரியாத ஒருவன் பார்த்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படி, பள்ளியின் பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். பிறந்தநாள் வாழ்த்துகளில் தேதியும் மாதமும் இருந்தன. வருடம் இல்லையே என்று நிம்மதிப்பட முடியாது. யூகேஜி பட்டமளிப்புப் படம் எந்த வருடத்தது என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். புது வேன் வாங்கி எலுமிச்சம்பழம் வைத்து எடுத்த படத்தில் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. வேன் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற அட்டவணை தனியாக ஒரு பதிவு. சுற்றுலா போன அன்று, பிள்ளைகள் ஏற்காட்டில் இறங்குவதற்குள் 'இப்போது ஏற்காட்டில்' என்று ஒரு வீடியோ. வாழ்த்துகளுக்குக் கீழே அம்மாக்கள் 'நன்றி மிஸ்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரைத் தொட்டால் அவரவர் பக்கம் திறக்கிறது. அங்கே வீடு, வாசல், தாத்தா, தம்பி.

கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புகளின் லிங்க்குகளை ஜூன் மாதமே யாரோ அங்கே ஒட்டி வைத்திருந்தார்கள். யார் தட்டினாலும் உள்ளே போகலாம். போனால் நாற்பத்துச் சொச்சம் பெற்றோரின் நம்பர் வரிசையாக நிற்கும். எங்களில் பாதிப் பேர் டிபியில் பிள்ளையின் படத்தைத்தான் வைத்திருக்கிறோம். எந்த நம்பர் எந்தப் பிள்ளையின் வீட்டுடையது என்று ஒட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்த ஆள் இங்கிருந்துதான் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவனுக்கு வேண்டியது அத்தனையும் இங்கே இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். தனித்தனியாக எடுத்தால் இதில் எதுவும் ரகசியமே இல்லை. ஊரில் பலருக்கும் தெரிந்த விஷயங்கள். ஆனால் ஊருக்குத் தெரிந்தது ஊரில் பிரிந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு என் மகள் எந்தப் பள்ளி என்று தெரியும், மார்க் தெரியாது. வேன் டிரைவருக்கு நிறுத்தம் தெரியும், பிறந்தநாள் தெரியாது. பிறந்தநாள் தெரிந்த அத்தைக்கு வேன் நம்பர் தெரியாது. எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே திண்ணையில் அடுக்கி வைத்தது நீங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். தேர்வுக்கு முன்னால் ஹால் டிக்கெட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வைத்து 'ஆல் தி பெஸ்ட்' படம் போடுகிற பள்ளிகள் இருக்கின்றன. படத்தை விரலால் விரித்தால் பதிவெண் தெரிகிறது. பிறந்த தேதியைத்தான் நீங்களே வாழ்த்தாகப் போட்டாயிற்றே. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையின் மதிப்பெண்ணை, அந்தப் பிள்ளை வீட்டில் சொல்வதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துவிடலாம். மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மேல் அழுத்தம் கூடாது, பள்ளிகளுக்கு நடுவே வீண் போட்டி கூடாது என்றுதான். அரசு மூடிய கடையை நீங்கள் ஃபிளெக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் திறந்து வைத்து நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆதார் பற்றியும் ஒரு வார்த்தை. 'இன்னும் ஆதார் அனுப்பாதவர்கள் மாலைக்குள் அனுப்பவும்' என்று வகுப்பு குரூப்பில் செய்தி வரும். நாற்பது பேரும் நாற்பது பேர் பார்க்க அனுப்புவார்கள். ஆன்லைனில் இறக்கும் இ-ஆதார் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். இரண்டும் உங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பில் சொன்னதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கேட்டே தீருவீர்கள் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாதிரி மற்றதை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. என் கடைக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் அதைத்தான் இறக்கிக் கொடுக்கிறேன்.

இப்போதெல்லாம் என்று சொன்னேன். முன்பு நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் என் நம்பருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்த ராத்திரி உங்கள் பக்கத்தைப் பார்த்து முடித்த கையோடு என் ஃபோனைத் திறந்தேன். யார் யாருடையதோ ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு விவாகரத்து நோட்டீஸ்கூட. மூன்று வருடத்துச் சரக்கு. சரியாக விழாத நகல்களைக் கட்டாகக் கட்டி பக்கத்து டீக்கடைக்குக் கொடுத்துவிடுவேன். வடையும் பஜ்ஜியும் மடிக்க. ஒருவருடைய சம்பளச் சீட்டில் இன்னொருவர் எண்ணெய் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உங்களுக்கும் இல்லை என்றே நம்புகிறேன். இன்று ராத்திரியானால் ஃபோனில் வந்ததை அழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறேன், வீணான நகலைக் கிழித்துத்தான் போடுகிறேன். டீக்கடை அண்ணனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் பள்ளி அலுவலகத்துக்குப் போய், பக்கத்திலிருந்து படங்களை நீக்கச் சொன்னேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 'அட்மிஷன் ஃபார்ம்லயே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்' என்று என் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி இருபதுக்கும் மேல் நிபந்தனைகள். சீருடை இப்படி இருக்க வேண்டும், கட்டிய கட்டணம் திரும்பாது, அதற்கும் கீழே: பள்ளி எடுக்கும் படங்களை எந்த ஊடகத்திலும் பயன்படுத்திக்கொள்ளப் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். ஆங்கிலத்தில். அந்தப் படிவத்துக்கு நகல் போட்டதே நான்தான். எத்தனையோ நூறு பிரதி போட்டிருக்கிறேன், அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை.

ஆனாலும் கேட்டதற்கு நீக்கிவிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. மகள் கும்மியில் இருந்தாள். ஒரு மாதமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்கும் அளவுக்கு. அன்றைக்கு நன்றாக ஆடினார்கள். முடிந்ததும் மேடையிலேயே குரூப் ஃபோட்டோ எடுக்க வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு மிஸ் இவள் தோளைத் தொட்டு, 'உங்கப்பா ஃபோட்டோ வேணாம்னு சொல்லியிருக்காருல்ல, நீ இந்தப் பக்கம் வந்துடும்மா' என்று கூட்டிக்கொண்டு போனார். திட்டவெல்லாம் இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். என் மகள் பட்டுப்பாவாடையோடு திரை ஓரமாக நின்று, மற்ற பதினோரு பேர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா என்று யோசிப்பதற்குள் அடுத்த பாட்டுக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னாலிருந்து சொன்னாள்: 'பரவால்லப்பா, போட்டுக்கச் சொல்லிடு.'

தாளாளர் ஐயா, அம்மா, இதுவும் ஒரு சம்மதம்தான். பதினோரு வயதுப் பிள்ளை, நடுவில் நிற்க வேண்டும் என்ற ஆசையில் கொடுத்த சம்மதம். நான் எறும்பு எழுத்துக்குக் கீழே போட்ட கையெழுத்தும் இதே ரகம். சீட் வேண்டும், போட்டேன்.

சட்டத்தைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர்களில் முதலாமவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. அதன் தொடர்ச்சியாக 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகளை 2025 நவம்பர் 14 அன்று அரசு அறிவித்தது. குழந்தைகள் தினம்! வேண்டுமென்றே செய்தார்களோ, தானாக அமைந்ததோ. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வருகின்றன.

அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். உங்கள் பிளஸ் டூ பிள்ளைகளிலும் அநேகமாக எல்லோரும் அதில் அடக்கம். அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். பள்ளிகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் அவர்களைக் கண்காணிக்கலாம். வருகைப் பதிவு, வேன் எங்கே வருகிறது என்று பார்ப்பது, இதெல்லாம் அதில் வரும். அட்மிஷன் விளம்பரம் எந்தக் கணக்கில் வரும் என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். நான் படித்தவரை இரண்டிலும் வராது. சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அந்தச் சட்டம் வார்த்தைகள் வைத்திருக்கிறது. சுதந்திரமாக, குறிப்பாக இன்னதற்கென்று, விஷயம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தை, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கக் கேட்கலாம். குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு யாரும் 200 கோடி போடப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். நிபந்தனை இல்லாமல் என்ற ஒரு வார்த்தையில்தான் என் கண் நின்றது. திரை ஓரம் நிறுத்துவது நிபந்தனைதானே?

'ஒரு படம்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது' என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். 6,500 ரூபாய் சின்ன விஷயம். ஸ்பெயினில் அல்மென்ட்ராலெஹோ என்று ஒரு சின்ன நகரம். 2023 செப்டம்பரில் அங்கே பள்ளி திறந்த நேரத்தில் 20-க்கும் மேற்பட்ட சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. 11 வயதிலிருந்து 17 வயது வரை. எதுவும் உண்மைப் படம் இல்லை. அந்தச் சிறுமிகளின் சமூக ஊடகப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, உடையை நீக்கினார்கள். செய்தவர்கள் எங்கிருந்தோ வந்த கிரிமினல்கள் இல்லை. அதே ஊர்ப் பையன்கள். அடுத்த வருடம் சிறார் நீதிமன்றம் 15 பையன்களுக்கு ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அவர்கள் எடுத்தது நீச்சல் உடைப் படமோ அந்தரங்கப் படமோ அல்ல. முழு உடையில், சிரித்தபடி, நேரே பார்க்கிற முகம் இருந்தால் அந்தச் செயலிக்குப் போதும். உங்கள் பக்கத்தில் இருக்கும் படங்கள் எல்லாமே முழு உடையில், சிரித்தபடி, நேரே பார்ப்பவைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழக்கப் பயன்பட்ட லயான்-5பி என்ற பெரிய தொகுப்பில் 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் இணைப்புகள் இருந்தன. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பினர் 2024-இல் அதில் மிகச் சிறிய ஒரு பகுதியைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள்ளேயே பிரேசில் குழந்தைகளின் படம் 170, ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படம் 190. பெர்த் நகரத்து மூன்று, நான்கு வயதுப் பையன்கள் இருவரின் படத்தோடு அவர்களுடைய முழுப் பெயர், வயது, மழலையர் பள்ளியின் பெயர் எல்லாம் இருந்தனவாம். கிரீடத்துக்குக் கீழே என் மகளுக்கு நீங்கள் எழுதியதும் ஏறக்குறைய இதேதான். நான் கேட்டதும் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். நடுவில் இரண்டு மாதம் அது அங்கே இருந்தது. அதற்குள் எங்கெங்கே போனது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

உங்கள் கஷ்டம் புரியாமல் பேசவில்லை. பக்கத்துப் பள்ளி தினம் ஒரு ரீல்ஸ் போடுகிறது, நீங்கள் போடாவிட்டால் அடுத்த வருடம் எல்கேஜியில் பத்து சீட் காலியாக நிற்கும். பெற்றோரே 'எங்க பிள்ளை படம் ஏன் போடல' என்று சண்டைக்கு வருகிறார்கள், அதுவும் உண்மை. அவர்கள் கேட்டால் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என் கடை வாசலில் நின்று பேசுகிற பெற்றோரை வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மிஸ் நன்றாகச் சொல்லித் தருகிறாரா, டாய்லெட் சுத்தமா, வேன் டிரைவர் குடிப்பாரா, அடிப்பார்களா, ஃபீஸ் எவ்வளவு. இவ்வளவுதான் பேச்சு. 'அந்தப் பள்ளியில் ரீல்ஸ் நன்றாக இருக்கும்' என்று யாரும் சொல்லி இன்றுவரை என் காதில் விழவில்லை.

மிஸ்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படம் எடுப்பது அவர்களுடைய சொந்த ஃபோனில். எடுத்த படம் அவர்களுடைய சொந்தக் கணக்கில் தானாகப் போய்ச் சேமிப்பாகிறது. மே மாதம் வேலையை விட்டுப் போகும்போது நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் படமும் அவர்கள் ஃபோனோடு போகிறது. அவர்களே விரும்பாவிட்டாலும் போகிறது. எட்டாயிரம், பத்தாயிரம் சம்பளத்துக்குப் பாடமும் எடுத்து, மத்தியானம் டிரெண்டிங் பாட்டுக்கு ஆடவும் வைக்கிறீர்கள். அவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டீர்களா என்பது தனி மடலுக்கான விஷயம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வருடப் படிவத்தில் படத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் வையுங்கள், தமிழில், படிக்கிற அளவு எழுத்தில். பள்ளிக்குள் ஒட்டலாமா, பெற்றோர் குரூப்பில் போடலாமா, ஊர் உலகம் பார்க்கும் பக்கத்தில் போடலாமா என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு முதல் இரண்டும் சரி. வேண்டாம் என்று எழுதியவர்களுக்கும் சீட் உண்டு என்பதை அங்கேயே எழுதுங்கள். வெளியே போடும் படத்தில் முகமும் பெயரும் சேர்ந்து வர வேண்டாம், பிறந்த தேதி வேண்டவே வேண்டாம். சுற்றுலாப் படத்தைப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வகுப்பு குரூப்புக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி அறிவிப்புக் குழு இருக்கிறது, சேனல் இருக்கிறது. இரண்டிலும் ஒரு பெற்றோரின் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. பத்து நிமிட வேலை, நானே வந்து செய்து தருகிறேன். படம் எடுக்கப் பள்ளிக்கென்று ஒரு கேமரா வாங்குங்கள். அப்புறம், ஒரு பிள்ளைக்கு டிசி கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் படங்களையும் பக்கத்திலிருந்து இறக்கிவிடுங்கள். உங்களை விட்டுப் போன பிள்ளை உங்கள் விளம்பரத்தில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். என் மனைவி டிபியை மாற்றிவிட்டாள், இப்போது அங்கே எங்கள் வீட்டுத் துளசிச் செடி இருக்கிறது. டிபியும் ஸ்டேட்டஸும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றியாயிற்று. மாமியாரிடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

ஆண்டு விழா விஷயத்துக்கு வருகிறேன். குரூப் ஃபோட்டோவை எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தியே எடுங்கள். எடுப்பதற்கும் ஊருக்கெல்லாம் காட்டுவதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அங்கே நின்று கேட்டால் போதும். பென் டிரைவில் போட்டு என் கடைக்குக் கொடுத்தனுப்புங்கள். ஃபோட்டோ பேப்பரில் ஆளுக்கு ஒன்று பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் எழுதித் தருகிறேன். போட்டு முடித்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவேன். காசு வேண்டாம். சம்மதப் பக்கத்துக்கான நகலுக்கும் வேண்டாம், ஆயிரம் பிரதி என்றாலும் போட்டுத் தருகிறேன்.

கும்மி ஆடிய பன்னிரண்டு பேரையும் ஒரு நாள் மறுபடி நிறுத்த முடியுமென்றால், பட்டுப்பாவாடை இஸ்திரி போட்டு வீட்டில் தயாராகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா

பி.கு.: பெயரைப் போடாததற்கு மன்னிக்கவும். போட்டால், அவள் பெயருக்கு முன்னால் இருக்கும் இன்ஷியல் எதுவென்று தெரிந்துவிடும்.